நானூறு டன் பிரஸ்ஸின் துபாஷி

ஸ்டீவனுக்கு வாயில் வராத ஒரே சொல் 'முடியாது'. அவன் நைனா வரதனுக்கும் அது வந்ததில்லை. வரதன் இளவட்டத்தில் கவரப்பேட்டைப் பக்கம் ஊரார் நிலத்தில் சேறு மிதித்தவர். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கம்பி சுமந்தவர். மேலே இருப்பவன் எதைச் சொன்னாலும் "ஆவட்டும்" என்று தலையாட்டியே பிள்ளையை டிப்ளமா வரைக்கும் படிக்க வைத்துவிட்டார். அந்தத் தலையாட்டல்தான் மகனுக்கு வந்த சொத்து. நிலம் இல்லாத மனுசன் வேறு எதை எழுதி வைப்பார்?

நான் தணிகைவேல். சிப்காட்டுக்குள் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனி பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னாலும் அடுத்த காம்பவுண்டில் இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. ஸ்டீவன் அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் ஸ்டீவன், கேட்டில் கைரேகை மிஷின் அடம்பிடித்தால் ஸ்டீவன், மேனேஜர் ரூம் ஏ.சி. ரிமோட்டுக்குப் பேட்டரி தீர்ந்தாலும் ஸ்டீவன்.

அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. விண்டோஸுக்காக எழுதிய மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் ஓர் இடைத்தளம் இருக்கிறதாம். உலகம் முழுக்க ஆட்கள் சம்பளமில்லாமல் அதற்கு எழுதிச் சேர்க்கிறார்கள். அவர்களில் இவனும் ஒருவன். கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஷைனி என்னிடம் வந்து, "அண்ணே, இவரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகினு சிரிக்கிறாரு, யாராச்சும் பொண்ணா இருக்குமோ?" என்று கேட்டாள். பெண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

அது என்னடா வேலை என்று கேன்டீனில் ஒருநாள் கேட்டேன். நல்லா விளங்குகிற மாதிரி சொன்னான்.

"ஒரு மென்பொருள் சும்மா ஓடாது அண்ணே. கேள்வி கேட்டுக்கினே இருக்கும். இந்த ஃபைல தொற, மணி இன்னா, அந்தக் கார்டு கீதா, அப்டினு. கேக்கறது விண்டோஸ் பாஷைல. லினக்ஸுக்கு அது புரியாது. நடுவுல இது நின்னுகினு மாத்திச் சொல்லும். நம்ம லோகு மாதிரி."

லோகு எங்கள் கான்ட்ராக்டரின் மேஸ்திரி. ஷெட்டில் பிரஸ் ஓட்டுகிறவர்கள் பாதிப்பேர் ஒடிசா, பீகார். சூப்பர்வைசர்களுக்குத் தமிழ்தான். நடுவில் லோகு. காட்டுப்பள்ளியில் துறைமுக வேலைக்குப் போயிருந்தபோது காதால் கேட்டுப் பிடித்த இந்தி அவனுடையது. பாதி கேட்டது, மீதி அவனே தயாரித்தது. ஒரு பேச்சு அவனுக்குப் புரியாமல் போனால் முழிக்கவே மாட்டான். இந்தப் பக்கம் திரும்பி "ஓகே சார்" என்பான், அந்தப் பக்கம் திரும்பி "டீக் ஹை" என்பான். இரண்டு பக்கமும் திருப்தியாகப் போய்விடும். லைன் நிற்காதவரைக்கும் மொழிபெயர்ப்பு சரி என்பது எங்கள் ஷெட்டின் சட்டம்.

"அப்போ நீ துபாஷி எழுதறன்னு சொல்லு" என்றேன். வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் நின்று பேசியவர்களை அந்தக் காலத்து மதராஸில் அப்படித்தான் அழைத்தார்கள். ஸ்டீவனுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இடைத்தளம் எங்களுக்குத் துபாஷி ஆனது.

எங்கள் ஷெட்டிலேயே பெரியது நானூறு டன் பிரஸ். வெளிநாட்டில் ஓய்ந்ததை வாங்கி வந்து இங்கே ஓட விட்டிருந்தார்கள். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதை ஆட்டி வைக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஒரு கோடையில் அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. அதே சமயம் தலைமை அலுவலகத்திலிருந்து, இனி எல்லா கம்ப்யூட்டரும் லினக்ஸ்தான் என்று உத்தரவு. பிளான்ட் மேனேஜர் ஆதிநாராயணன் ஸ்டீவனைக் கூப்பிட்டார்.

ஆதிநாராயணன் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் நிலம் உள்ள குடும்பம். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. என் அம்மா செத்தபோது முதல் ஆளாக மாலையோடு வந்தவர். அவருக்கு மேலே இருந்தவர்கள் காலையும் மாலையும் போனில் ஒரே கேள்வி கேட்பார்கள்: "ஓடுதா?" அதையே அவர் எங்களிடம் கேட்பார். அவ்வளவுதான் அவர்.

"ஓட வச்சிடுவியா ஸ்டீவா?"

"வச்சிடலாம் சார்."

வைத்தான். அந்த மென்பொருள் கேட்ட கேள்விகளில் துபாஷிக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதிச் சேர்த்தான். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிச்சம் நின்றது. அது பிரேக்கைப் பற்றியது.

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை உண்டு. கை அதைத் தாண்டினால், தகட்டை அடிக்க இறங்கி வரும் மேல் அச்சு, நாங்கள் டை என்போம், அந்தரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்க வைப்பது பிரேக். பிரேக் தேயத் தேய, டை நிற்கத்தான் செய்யும், ஆனால் கொஞ்சம் வழுக்கிப் போய் நிற்கும். அந்தக் கொஞ்சத்தை அளக்கக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மென்பொருள் அந்தக் கார்டைக் கேட்கும்: நிற்க வேண்டிய இடத்தில் நின்றதா? சரி என்று பதில் வந்தால்தான் அடுத்த அடி. இல்லையென்றால் பிரஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

அந்தக் கார்டோடு எப்படிப் பேசுவது என்று ஸ்டீவனுக்குத் தெரியவில்லை. பிரஸ்ஸை ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி ஓட விட்டு, கார்டு என்ன சொல்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். அதற்கு உற்பத்தியை நிறுத்த வேண்டும். அதுவரைக்கும் என்று, அந்த இடத்தில் ஒரு பொய்ப் பதிலை வைத்தான். எப்போது கேட்டாலும் 'சரி'. அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதானாம். ஆனால் பொய் சொல்லும் ஒவ்வொரு முறையும் திரையின் அடியில் மஞ்சளாக ஒரு வரி ஓடும்படி வைத்திருந்தான்: இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது, சரி என்று சொல்லியிருக்கிறேன். லோகுவைவிட யோக்கியமான துபாஷி.

பிரஸ் எழுந்து ஓடிய அன்று ஸ்டீவன் என்னிடம் ஓடி வந்தான். "ஓடுது அண்ணே!" என்று கத்திவிட்டு, கிரீஸ் கையோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டான். சுதந்திர தினத்தில் கொடியேற்றி முடித்து அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வரதன் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே போய் வந்தார்.

ஒரு வாரத்தில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. ஆதிநாராயணன் திரையைப் பார்த்துவிட்டு, "அது இன்னாப்பா மஞ்சளா?" என்றார்.

"பிரேக் செக்கிங் இன்னும் எழுதல சார். அத்த எழுதணும்னா பிரஸ்ஸ கொஞ்சம் நிறுத்திக் குடுத்தீங்கன்னா..."

"குடுக்கறேன். இப்போதைக்கு அந்த மஞ்சள எடுத்துடு. வர்றவனுங்க நூறு கேள்வி கேப்பானுங்க."

"சரி சார்."

எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு திரையில் பச்சையாக 'பிரேக் ஓகே' மட்டும் நின்றது. அது பொய் என்று ஸ்டீவனுக்கும் மேனேஜருக்கும் தெரியும். பார்க்கிற வேறு யாருக்கும் தெரியாது.

ஸ்டீவன் சும்மா இருக்கவில்லை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் வேறு மாதிரி பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டான். ஞாயிறு ஓவர்டைம் ஓடியது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டான். அந்த நேரம் போதாது. கடைசியில் ஆயுத பூஜையை நம்பிக்கொண்டு இருந்தான். வருசத்தில் அன்று ஒருநாள்தான் நானூறு டன் நிற்கும்.

பூஜையன்று ஷெட்டைக் கழுவி, பிரஸ்ஸுக்குச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலை வாங்கிய கையோடு ஸ்டீவன் மேனேஜரிடம் போனான்.

"சார், இன்னிக்கு மிஷின் சும்மாதானே கீது. கொஞ்ச நேரம் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பாத்துக்கறேன் சார்."

ஆதிநாராயணன் முகம் சுருங்கியது. "பொட்டு வச்ச மிஷின இன்னிக்கு ஓட்டக் கூடாதுப்பா. அதுக்கு ரெஸ்டு. உனக்கு நம்பிக்கை இல்லன்னா எங்களுக்கும் இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேதக்காரப் பையனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று யாரோ சொன்னார்கள். ஸ்டீவன் காது சிவந்தது. "சரி சார்" என்றான். ஓடும் நாளில் நிறுத்தக் கூடாது, நிற்கும் நாளில் ஓட்டக் கூடாது. அந்தக் கார்டைக் கேட்க எங்கள் காலண்டரில் நாளே இல்லை.

நானூறு டன்னை ஓட்டியவன் பிகாஷ். ஒடிசாக்காரன். ஷெட்டில் எல்லோரும் அவனை 'பையா' என்றுதான் கூப்பிடுவோம். அங்கிருந்து வந்த எல்லோருமே எங்களுக்குப் பையாதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் ஸ்டீவன் ஒருத்தன். அவன் போனில் ஒடியா எழுத்து வரவைத்துக் கொடுத்ததும் ஸ்டீவன்தான்.

கார்த்திகை மழையில் ஷெட்டுக்குள் ஈரம் ஊறிக் கிடந்தது. தினமும் ஷிப்ட் தொடங்கும்போது ஒளித்திரைக்குள் ஒரு குச்சியை நீட்டிப் பார்ப்பது வழக்கம். டை நின்றால் சரி. பிகாஷ் நீட்டினான். நின்றது. ஆனால் முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை, ஒரு சாண் வழுக்கி நின்றது. அதை அவன் கண்டுபிடித்துவிட்டான். லோகுவைக் கூப்பிட்டு, ஒரு கையை இன்னொரு கையின்மேல் வழுக்கிக் காட்டி என்னவோ சொன்னான். சூப்பர்வைசர் எட்ட நின்று, "இன்னாவாம்?" என்றார்.

"ஏதோ சவுண்டு வருதாம் சார். ஓகேதான்" என்றான் லோகு.

சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். பச்சை. பிகாஷிடம் லோகு "டீக் ஹை" என்றான். பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று நம்பி பிகாஷ் போய் நின்றான்.

ஒரே பிரஸ்ஸுக்கு இரண்டு துபாஷிகள், ஒன்று மனுசன், ஒன்று கம்ப்யூட்டர். இரண்டும் தெரியாத கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன் அது நடந்தது. தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பிகாஷ் கையை நீட்டினான். ஒளித்திரை கையைப் பார்த்தது. நிறுத்து என்று சொன்னது. பிரஸ்ஸும் நின்றது. வழுக்கிப் போய் நின்றது. நான் ஷெட்டின் மறுகோடியில் இருந்தேன். அந்தச் சத்தம் மனுசனுடையது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேல் டையைத் தூக்கிக் கையை எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதை எழுத மாட்டேன். வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

ஸ்டீவன் ஓடி வந்து திரையைத்தான் முதலில் பார்த்தான். பச்சையாக 'பிரேக் ஓகே' நின்றுகொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

லோகு பேச்சை மாற்றிச் சொன்னது அப்போது ஷெட்டில் யாருக்கும் தெரியாது. தான் சொன்னது என்ன என்று ஆஸ்பத்திரியில், போனில் இந்தியைத் தமிழாக மாற்றும் செயலியை வைத்துப் பிகாஷே ஸ்டீவனிடம் சொன்னான்; லோகு தமிழில் சொன்னதைச் சூப்பர்வைசர் சொன்னார். அப்போதும் பிகாஷ் கோபப்படவில்லையாம். நான் சரியாகச் சொல்லவில்லையோ என்றுதான் கேட்டானாம்.

கம்பெனிக்குள்ளேயே விசாரணை வைத்தார்கள். ஆதிநாராயணனும் ஒரு வக்கீலும் உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தின நாள் மேனேஜர் ஸ்டீவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெஷின் கண்டிஷன் நல்லா இருந்ததான்னு கேப்பாங்க. இருந்ததுன்னு சொல்லிடு. பையா கவனக்குறைவுன்னு முடிஞ்சிடும். உன் வேலைக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கறேன்."

ஸ்டீவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து அவன் சொன்னது ஒன்றுதானே.

விசாரணையில் சாட்சியாக நானும் இருந்தேன். வக்கீல் கேட்டார். ஸ்டீவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். பிறகு, "இல்ல சார். நல்லா இல்ல. பிரேக்க யாரும் செக் பண்ணல. பண்ண மாதிரி நான்தான் பொய் சொல்ல வச்சேன். நிறுத்திக் குடுங்கன்னு கேட்டேன், குடுக்கல" என்றான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நைனா, மகன் இரண்டு தலைமுறைக்கும் முதல் 'இல்லை' அது. அதனால் என்ன ஆனது? அனுமதி பெறாத மென்பொருளை நிறுவினான் என்று எழுதி அவனை வெளியே அனுப்பினார்கள். சால்வை போட்டதும் அதே மென்பொருளுக்குத்தான். பிகாஷை அதற்கு முன்பே லோகு ரயிலேற்றி விட்டிருந்தான். கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்ட காகிதத்தில் அவனுடைய இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. கையெழுத்துப் போட வலது கைதான் இல்லையே. ஸ்டீவன் சொன்ன உண்மை ஒருத்தருக்கும் உதவாமல் போய்ச் சேர்ந்தது.

"சொல்லிட்டு ஊட்ல உக்காந்துகினு கீறாரு. சொல்லாம இருந்தா செத்தே போயிருப்பாரு. எது பேஜாருன்னு எனக்கே தெரில அண்ணே" என்றாள் ஷைனி.

பிரேக் லைனிங்கை நான்தான் மாற்றினேன். கழற்றிய பழையது கண்ணாடியாட்டம் வழவழவென்று இருந்தது. புதியதைப் போட்டதும் பிரஸ் சரியாக நின்றது. ஆனால் திரையில் இருந்த பச்சை அதே பொய்ப் பச்சை. லைனிங் மறுபடி தேயும் என்று சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஸ்டீவன் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மொபைல் கடையில் உட்கார்ந்தான். உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவது வேலை. ஆனால் அவன் மனம் அந்த மிச்சக் கேள்வியிலேயே கிடந்தது. எங்கள் ஊரில் உலகத்துப் பழைய இரும்பெல்லாம் வந்து இறங்கும். காயலான் கடை காயலான் கடையாக அலைந்து, அந்தக் கார்டைப் போலவே ஒன்றைத் தேடிப் பிடித்தான். பிரஸ் இல்லாததால், டை எங்கே நிற்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றிச் சுற்றி நிறுத்தினான். வழுக்கி நிறுத்தினான், சட்டென்று நிறுத்தினான். பெரியபாளையத்தில் ஆடித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த சமயம், ஒரு பென் டிரைவை என் கையில் வைத்தான்.

"இதுல உண்மையான பதில் கீது அண்ணே. போட்டுடுங்க. இன்னும் ஒருத்தன் கை போக வேணாம்."

அவன் இடத்துக்கு வந்திருந்தவன் ராபின். நல்ல பையன், பயந்த சுபாவம். சாப்பாட்டு இடைவேளையில் அவனைக் கெஞ்சிக் கூத்தாடிப் போட வைத்தேன். பிரஸ்ஸை ஓட விட்டு நிறுத்தினோம். திரை சிவந்தது. பிரேக் சரியில்லை என்று காட்டிவிட்டுப் பிரஸ் பூட்டிக்கொண்டது. துபாஷி வந்த நாளிலிருந்து இல்லாத அதிசயமாக அது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "ஓடுதா?"

"நிக்குது சார்" என்றான் ராபின்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லைனிங் மாற்றினால் போதும் என்றேன். ஸ்டோரில் லைனிங் இல்லை, ஆர்டர் போட்டாகிவிட்டது, வந்ததும் மாற்றலாம் என்றார். "அதுவரைக்கும் பழைய சாப்ட்வேரையே போடு" என்று ராபினிடம் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து, "போன கை பத்தலையா சார்?" என்று கத்தினேன். மெமோ வாங்கினேன். இடைவேளை முடிவதற்குள் பச்சை திரும்பி வந்தது. அன்று முழுக்க நானூறு டன் ஓடியது. அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். அது போய்ச் சேரும்வரைக்கும் பிரஸ் காத்திருக்காது.

சாயங்காலம் கடைக்குப் போனேன். ஸ்டீவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "இன்னா அண்ணே, நிறுத்திச்சா?"

"நிறுத்திச்சுடா. செகப்புல பளிச்சுனு சொல்லிச்சு."

அவன் முகம் மலர்ந்ததை நான் என்ன சொல்ல. அந்த மலர்ச்சியோடு விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. "அப்பாலிக்கா எடுத்துட்டானுங்கடா" என்றேன்.

கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்போ யாரு ஓட்றது?"

"புதுசா ஒர்த்தன் வந்துகீறான். ஒரிசாதான்."

"பேரு இன்னா அண்ணே?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஷிப்ட் மணிக்கு முன்பே நானூறு டன்னுக்குப் போனேன். லோகுவைக் கூப்பிடவில்லை. இதில் நடுவில் ஆள் வேண்டாம் என்று நினைத்தேன். புது ஆள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பெயரைக் கேட்டேன். சுதாம் என்றான். டையைக் காட்டினேன். ஒரு கையை இன்னொரு கையின்மேல் வழுக்கிக் காட்டினேன். நிக்காது, கையை உள்ளே விடாதே, என்ன ஆனாலும் விடாதே என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னேன். என் மணிக்கட்டை வெட்டுவது போலக் காட்டினேன்.

அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

"ஓகே அண்ணா, ஓகே" என்றான்.